ம்ம் மேடம் வந்த செவ்வாய்க்கிழமைகள்

பூட்டுத் தொழிலில் இருபத்திரண்டு வருஷம் கிடந்தவனுக்கு யார் மேலும் நம்பிக்கை இருக்காது. இருந்தால் தொழில் நடக்காது. “சாவி தொலைஞ்சு போச்சு, இது என் வீடுதான்” என்று கதவுக்கு வெளியே நிற்கிற ஆள் வீட்டுக்காரனா, திருடனா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அடையாள அட்டை கேட்பேன், பக்கத்து வீட்டில் விசாரிப்பேன், அப்புறம்தான் பையைத் திறப்பேன். குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தபோதும் முதலில் அதன் முத்திரை அசல்தானா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அசல்தான்.

விஷயம் சிட்டுவைப் பற்றியது. சிட்டு என் தங்கச்சி மகள், வயது பதினொன்று. தங்கச்சி போய்ச் சேர்ந்து பதினாலு மாதம் ஆகிறது. அப்பன்காரன் அதற்கு முன்பே சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனவன். கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாத எனக்கு உலகத்தில் அந்தப் பிள்ளை ஒன்றுதான். அவள் வகுப்பில் யாரோடும் பேசுவதில்லை, மத்தியானம் ஆனால் மணி என்ன, மணி என்ன என்று கேட்டபடியே இருக்கிறாள் என்று கடிதம் சொன்னது. சமூகப் பணியாளர் ஒருவர் நாலு செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வருவாராம். அவர் எழுதுகிற அறிக்கையை வைத்துத்தான் சிட்டு என்னோடு இருப்பதா, காப்பகத்துக்குப் போவதா என்று முடிவு செய்வார்களாம்.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம். என் மடியில் கனம் இருந்தது. எங்கள் வாசற்கதவில் நானே பொருத்திய பூட்டுக்கு உள்பக்கம் சாவித்துளை கிடையாது, குமிழும் கிடையாது. வழவழவென்று ஒரு இரும்புத் தகடுதான். வெளியிலிருந்து பூட்டினால் உள்ளே இருப்பவர் தலைகீழாக நின்றாலும் திறக்க முடியாது. பள்ளிக்கூடம் விட்டதும் மூன்றரை மணிக்குச் சிட்டுவைக் கூட்டிவந்து, வீட்டுக்குள் விட்டு, பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி வேலைக்குப் போவேன். ஆறு மணிக்குத் திரும்புவேன். தெருவில் எத்தனை வண்டி, எத்தனை விதமான ஆட்கள். பிள்ளை பத்திரமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை. ஆனால் அலுவலகத்தில் இதற்கு வேறு பேர் எழுதுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அதனால் முதல் திங்கட்கிழமை சாயங்காலம் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி அந்தப் பூட்டை எடுத்துவிட்டு, உள்ளே குமிழ் வைத்த சாதாரணப் பூட்டை மாட்டினேன். பத்து நிமிஷ வேலை. சிட்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேடம் எதக் கேட்டாலும் ஆமா, இல்ல, அவ்வளவுதான். புரியுதா?” என்றேன்.

“ஆமா,” என்றாள்.

வந்த அம்மாவுக்கு என் வயதிருக்கும். செருப்பை வாசலில் விட்டு, “எங்க உக்காரட்டும்?” என்று கேட்டார். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் அடிக்கிற மாதிரி நான் போட்டு வைத்திருந்த நாற்காலியை விட்டுவிட்டு, நான் அரத்தால் சாவி ராவும்போது போட்டுக்கொள்கிற குட்டை முக்காலியில் உட்கார்ந்தார். அரசாங்க ஆள் கீழே, நான் மேலே. இதில் என்ன சூது என்று எனக்கு உடனே பிடிபடவில்லை.

“நீங்க சொல்றத நான் ஊரெல்லாம் சொல்ல மாட்டேன்,” என்று ஆரம்பித்தார். “ஆனா குழந்தைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா அத மறைக்க என்னால முடியாது. எழுதித்தான் ஆகணும். இத முதல்லயே சொல்லிடறேன்.”

மிரட்டலைக்கூட இவ்வளவு மெதுவாகச் சொல்லலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நானும் லேசுப்பட்டவன் இல்லை. அளந்துதான் பேசினேன்.

“வீட்டையும் வேலையையும் ஒரே ஆளா நான்தான் பாக்கறேன்.”

“ஒரே ஆளா.”

“ஆமா. காலையில எழுந்து சமைக்கணும், தலை பின்னி விடணும். பின்னல் எனக்கு எங்க வந்துச்சு.”

“பின்னல் வரல.”

“வரலங்க. நாலு மாசம் வெறும் குதிரைவால்தான். அப்புறம் மூணு கயித்தக் கட்டிவச்சுப் பழகினேன்.”

“ம்ம்,” என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். அந்த ‘ம்ம்’முக்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டார் பாருங்கள், அதில் நானாகவே போய் விழுந்தேன். சீருடையைத் தேய்க்கும்போது கருக்கியது, பள்ளிக்கூடக் கூட்டத்தில் அம்மாக்கள் நடுவே உட்காரக் கூச்சப்பட்டது, தங்கச்சி போன புதிதில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் போன பிறகு யோசித்தால் அவரைப் பற்றி ஒரு தகவல்கூட என் கையில் இல்லை. இதற்குப் பேர்தான் போட்டு வாங்குவது. பூட்டை உடைக்கிறவன் கற்றுக்குட்டி. கம்பியை உள்ளே விட்டு, மெதுவாக அழுத்தி, எது இளகுகிறது என்று காது கொடுத்துக் கேட்கிறவன்தான் தொழில்காரன். இந்த அம்மா தொழில்காரர்.

“ம்ம் மேடம் நல்லவங்க மாமா,” என்றாள் சிட்டு. பேர் வைத்தாகிவிட்டது.

“நல்லவங்களா இருந்தா நமக்கெதுக்கு? நாலு வாரம் போனாப் போதும்,” என்று சொல்லிவிட்டு, பழைய பூட்டை எடுத்து மறுபடி மாட்டினேன்.

பள்ளிக்கூடத்தில் மணி கேட்டதற்கெல்லாம் அலுவலகம் வரை போவார்களா? யாரோ வத்தி வைத்திருக்க வேண்டும். எனக்கு ஒரே ஆள் மேல்தான் சந்தேகம். மாடிவீட்டு நர்சம்மா. என் சாவி அறுக்கிற மிஷின் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று இரண்டு தடவை சண்டைக்கு வந்தவர். ஷிப்ட் வேலை என்பதால் பகலில் பாதி நாள் வீட்டில்தான் இருப்பார். படியில் எதிர்ப்பட்டால் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்கிவிடுவேன்.

இரண்டாவது செவ்வாய்க்கு ஒரு முடிவோடு இருந்தேன். வாயைத் திறந்தால்தானே வம்பு. ம்ம் மேடம் முக்காலியில் உட்கார்ந்து, “இந்த வாரம் எப்படிப் போச்சு?” என்றார்.

“போச்சு,” என்றேன்.

அதற்கு மேல் நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. பிரிட்ஜ் உறுமி நின்றது. தெருவில் ஒரு வண்டி பின்னால் வர முடியாமல் திணறி, முன்னால் போய், மறுபடி வந்தது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கையைப் பிசையவில்லை, ஏதோ பூங்காவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்குத்தான் காது மடல் சூடாகி, முதுகு அரித்தது. ஏழாவது நிமிஷத்தில் தோற்றேன்.

“ஃபேன் போடட்டுமா?”

“உங்களுக்கு வேணும்னா போடுங்க,” என்றார். “பேசப் பிடிக்காத நாளும் இருக்கும். பரவாயில்ல.”

அப்புறம் சிட்டுவிடம் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேரும் படம் வரைந்தார்கள். நான் இந்தப் பக்கம் ஒரே சாவியைப் பத்து தரம் துடைத்துக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தேன். சிட்டு ஏதோ முணுமுணுத்தாள். பதிலுக்கு ‘ம்ம்’ மட்டும் கேட்டது.

மூன்றாவது செவ்வாய் குட்டு உடைகிற நாளாகப் போயிற்று. ம்ம் மேடம் உள்ளே வந்ததும் கதவுப் பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு முக்காலிக்கு வந்தார்.

“ஒண்ணு நேராக் கேக்கறேன். கதவு பழசு. பூட்டும் பழசு. ஸ்க்ரூ தலை மட்டும் புதுசா உரசின மாதிரி மின்னுது. போன வாரமும் பாத்தேன். பூட்டப் பத்தி எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?”

பூட்டுக்காரன் வீட்டுப் பூட்டை வந்து ஒருத்தர் படிக்கிறார் என்றால் பாருங்கள்.

“பூட்டுக்காரன் வீடு மேடம். புதுசு புதுசா மாட்டிப் பாப்பேன். வேற ஒண்ணுமில்ல.”

“வேற ஒண்ணுமில்ல,” என்றார். இந்தத் தடவை நான் அந்தப் பள்ளத்தில் விழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“எனக்கு உறுதியாத் தெரியாதத எழுத முடியாது,” என்றார் கடைசியில். “ஆனா சந்தேகத்த வச்சுக்கிட்டு சும்மா போகவும் முடியாது. நாளையிலேருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் சிட்டு பள்ளிக்கூடத்துலயே இருக்கட்டும். அங்க பேசிட்டேன்.”

பிள்ளையைத் தவணை முறையில் பிரிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. இன்றைக்கு ஆறு மணி வரை, நாளைக்கு ராத்திரி வரை, அப்புறம் மொத்தமாக. அவர் தெருமுனை திரும்புவதற்குள் நான் மாடிப்படி ஏறி நர்சம்மா வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

“எழுதிப் போட்டது நீங்கதானே?”

சங்கிலியை எடுக்காமல் கதவை ஒரு சாண் திறந்து பார்த்தார். “எத?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. பிள்ளையப் பத்தி.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நான் எழுதல. எழுதியிருக்கணும். உள்ள அவ கதவுகிட்டயே உக்காந்து வாய்ப்பாடு சொல்லிட்டிருப்பா. எனக்குக் கேக்கும். டூட்டிக்குப் போறப்ப உங்க வாசப்படியில கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போவேன். நான் இருக்கேன்னு அவளுக்குத் தெரியாது. பூட்டிட்டுப் போறீங்களே, என்னிக்காவது ஒரு தீ பிடிச்சா என்ன பண்ணுவா?”

கதவு சாத்திக்கொண்டது. சண்டை போடப் போனவன் இறங்கிவந்தேன். கதவுகிட்டயே உக்காந்து என்று ஏன் சொன்னார்? வீட்டில் மேஜை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, டிவி இருக்கிறது.

சிட்டுவைக் கேட்டேன். “மேடம்கிட்ட என்ன சொன்ன? ஸ்கூல்ல என்ன சொன்ன?” ஒன்றுமில்லை என்றாள். குரலை உயர்த்தினேன். இன்னும் ஒன்றுமில்லை என்றாள். மூன்றாவது தடவை கத்தினேன். போர்வைக்குள் போய்விட்டாள். அலுவலகத்துக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் இருப்பது அவமானமாக இருந்தது. நாலாவது செவ்வாய்க்குள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில், போட்டு வாங்குவது என்று முடிவு செய்தேன். நல்ல எண்ணத்தில் செய்யவில்லை. வேவு பார்க்கத்தான் செய்தேன்.

முக்காலியை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பென்சில் சீவியக் காணோம்,” என்றாள்.

“பென்சில் சீவியக் காணோம்,” என்றேன்.

“அததான் மாமா சொன்னேன்.”

“அததான் சொன்ன.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிரித்தாள். “ம்ம் மேடம் மாதிரி பண்றீங்களா?” எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திருடப் போன இடத்தில் தும்மின கதைதான். சிரித்து ஓய்ந்த பிறகு நான் எழுந்திருக்கவில்லை. சொல்ல ஒன்றும் தோன்றாததால் சும்மா இருந்தேன். அவள் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள்.

“பெரிய இரும்புப் பெட்டி திறக்கப் போனீங்களே, அன்னிக்கு,” என்றாள் தலை நிமிராமல்.

இரண்டு மாதம் முன்பு. பெட்டி மசியவில்லை, போனில் சார்ஜ் இல்லை, வீடு வந்து சேர எட்டரை ஆகிவிட்டது. அதற்குத்தான் மறுநாள் பொம்மை வாங்கிக் கொடுத்தேனே என்று வாய் வரை வந்தது. விழுங்கினேன்.

“ம்ம்,” என்றேன்.

“ஆறு மணிக்கு வரேன்னு சொன்னீங்க. அம்மா அஞ்சு நிமிஷத்துல வரேன்னு சொன்னாங்க.”

தங்கச்சி தலைவலி மாத்திரை வாங்கத்தான் தெருமுனைக்குப் போனாள். லாரி. நான் வேலையில் இருந்தேன். அன்றைக்கு வீட்டில் இருந்தது சிட்டு மட்டும்தான்.

“எட்டு மணி ஆச்சு. நீங்களும் செத்துட்டீங்கன்னு நெனச்சேன். அப்புறம், நான் உள்ள இருக்கறது யாருக்குத் தெரியும்னு நெனச்சேன். ஸ்கூல்ல மிஸ்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன் மாமா. வேற எதுவும் சொல்லல.”

“என்ன கேட்ட?”

“ஒருத்தங்க செத்துப் போயிட்டா அவங்க சட்டைப்பையில இருக்கற சாவிய என்ன பண்ணுவாங்கன்னு.”

பத்திரம், பத்திரம் என்று நான் பூட்டிய ஒவ்வொரு நாளும் இந்தப் பிள்ளை கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் சாவுக்குக் காத்திருந்திருக்கிறது. அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். வேவு பார்க்க வந்தவன் வாய்விட்டு அழுதேன்.

நாலாவது திங்கட்கிழமை நான் ஸ்க்ரூவைத் தொடவில்லை. செவ்வாய்க்கிழமை ம்ம் மேடம் வந்தபோது தகடு வைத்த பூட்டு அப்படியே இருந்தது. சிட்டு பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவர் உள்ளே வருவதற்குள் சாவியை அவர் கையில் கொடுத்தேன்.

“நான் உள்ள போறேன். நீங்க வெளிய நின்னு பூட்டுங்க.”

ஒரு அடி பின்னால் நகர்ந்தார். பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படிக்கட்டைப் பார்த்தார். இத்தனை நாள் நான் அவரைச் சந்தேகப்பட்டேன். இப்போது அவர் முறை. “எதுக்கு?” என்றார்.

“உங்க மூஞ்சியப் பாத்து எனக்குச் சொல்ல வராது மேடம்.”

கொஞ்சம் யோசித்தார். பூட்டினார். நானே பொருத்திய பூட்டுதான், நானே ராவிய நாக்குதான், ஆனால் அது வந்து விழுகிற சத்தத்தை உள்ளேயிருந்து அதுவரை நான் கேட்டதில்லை. தகட்டில் உள்ளங்கையை வைத்தேன். பிடிக்க எதுவும் இல்லை.

கதவிடம் சொன்னேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கழற்றியது, ஒவ்வொரு செவ்வாயும் மாட்டியது, பொய் சொன்னது, பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்கியது. “அவ அம்மா மாதிரி இவளும் வெளிய போனா திரும்பி வர மாட்டாளோன்னு பயம் மேடம். வேற எதுவும் இல்ல. அந்தப் பயத்த அவ தலையில கட்டிட்டேன்.” எல்லாம் சொல்லி முடித்தேன். வெளியே சத்தமே இல்லை. சாவியோடு போய்விட்டாரோ? போலீஸைக் கூப்பிடப் போயிருக்கிறாரோ?

“மேடம்?”

“இங்கதான் இருக்கேன். இன்னும் சொல்லப் போறீங்களோன்னு பேசாம இருந்தேன்.”

திறந்தார். தகட்டை அவரும் ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து கோப்பை எடுத்தார்.

“இத நான் எழுதணும்.”

“எழுதுங்க. முதல் நாளே சொல்லிட்டீங்க.” பிறகு கேட்டேன். “சிட்டு உங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டாளா?”

“அவ எங்கிட்ட சொன்னத அவகிட்டதான் நீங்க கேக்கணும்.”

“என்னை விட்டுப் போயிடுவாளா?”

“தெரியல,” என்றார். “முடிவு என் ஒருத்தி கையில இல்ல. போக மாட்டான்னு சும்மா உங்களச் சமாதானப்படுத்தி அனுப்ப எனக்கு மனசு வரல.”

நாலு வாரத்தில் அவர் சொன்னதில் நான் மறுபேச்சில்லாமல் நம்பியது அதைத்தான். அன்றே தகடு வைத்த பூட்டைக் கழற்றி, சம்மட்டியால் நசுக்கி, பழைய இரும்புக்குப் போட்டேன்.

பதினாறு நாள் கழித்து முடிவு வந்தது. அந்தப் பதினாறு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆறு மாதத்துக்குச் சிட்டு என்னிடமே இருக்கலாம், பள்ளிக்கூடம் விட்டதும் பழையபடி வீட்டுக்கே வரலாம், மாதம் ஒரு தடவை வந்து பார்ப்பார்கள், அதற்கு மேல் அப்புறம் பார்க்கலாம். நிபந்தனைகளும் இருந்தன. உள்ளிருந்து திறக்கிற பூட்டுதான் இருக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் நம்பகமான ஒருவரிடம் ஒரு சாவி இருக்க வேண்டும். நான் வரத் தாமதமானால் சிட்டு எங்கே போவது என்று அவளோடு பேசி முடிவு செய்திருக்க வேண்டும். யார் அந்த நம்பகமான ஒருவர் என்று கேட்டதும் சிட்டு விரலை மேலே காட்டினாள். சாவியை எடுத்துக்கொண்டு போனேன். நர்சம்மா சங்கிலியை எடுக்காமலே வாங்கிக்கொண்டார். “பகல்ல மிஷின் ஓட்டாதீங்க,” என்றார். சரி என்றேன்.

அடுத்த வாரமே ஒரு வியாழக்கிழமை தாமதமாகிவிட்டது. அலுவலகம் ஒன்றில் இழுப்பறை சிக்கிக்கொண்டது. கால் மணி நேரம்தானே என்று நினைத்துக்கொண்டேன். ஆறேகாலுக்குக் கதவைத் திறந்தேன். விளக்கு எரிந்தது. நோட்டு விரித்தபடி கிடந்தது, பேனா மூடி திறந்திருந்தது. சிட்டு இல்லை.

குளியலறை, கட்டிலுக்கு அந்தப் பக்கம், பால்கனி. கூப்பிட்டுப் பார்த்தேன். தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பேசி வைத்த ஏற்பாடு, மாடிவீடு, எதுவும் என் புத்தியில் இல்லை. கதவோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

“ஆறு அஞ்சு வரைக்கும் பாத்தேன், அப்புறம் மேல போயிட்டேன்,” என்றாள் சிட்டு. “அப்படித்தானே பேசினோம்?”

ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனால் என்ன என்று திட்ட வாயெடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“பயந்துட்டீங்களா மாமா?”

இல்லை என்று சொல்வதுதான் என் வழக்கம்.

“ஆமா,” என்றேன். “ரொம்பப் பயந்துட்டேன்.”

“எவ்வளவு நேரம்?”

“ரெண்டு நிமிஷம் இருக்கும்.”

அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“நான் ரெண்டரை மணி நேரம்,” என்றாள்.